பென்சில் கோடு எந்த வட்டில் மிஞ்சியிருக்கிறது?

பழைய கார்ட்டூன் படங்களுக்காகவே ஓர் அலமாரி வைத்திருக்கிறேன். டிவிடிகள் போதுமா, அதைவிடக் கூர்மையான ப்ளூ-ரே வட்டுக்கு மாறுவதா, நேராக அதையும் மிஞ்சிய 4கே வட்டுக்குப் போவதா என்று குழம்பி, கடைசியில் மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். விஎச்எஸ் கேசட்டைப் போட்டியில் சேர்க்கவில்லை; ஓட ஓடத் தேயும் பொருள் அது.

கூர்மைக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். திரையில் படத்தை உருவாக்கும் கிடைவரிகள் டிவிடியில் 480 அல்லது 576, ப்ளூ-ரேயில் 1080, 4கேயில் 2160. இதை நம்பித்தான் எனக்கு மிகப் பிடித்த ஒரு படத்தின் ப்ளூ-ரேயை வாங்கினேன். படம் பளிச்சென்றுதான் இருந்தது. முகங்கள்தான் மெழுகு பூசியவை போலிருந்தன. பழைய டிவிடியை அதே காட்சியில் நிறுத்திப் பார்த்தேன். அதில் இருந்த கிழவரின் தாடிக் கோடுகளில் பாதி ப்ளூ-ரேயில் இல்லை!

வினை துப்புரவில் இருக்கிறது. ஃபிலிமுக்கென்று பொடிப்பொடியாக ஒரு துகள் உண்டு. அதை அழுக்கென்று மென்பொருளால் அளவு மீறித் துடைத்தால், கூடவே மெல்லிய கோடும் போய்விடும். 1961-இல் வந்த 'நூற்றியொரு டால்மேஷியன்கள்' படத்துக்கு ஓவியரின் பென்சில் கோட்டையே ஜெராக்ஸ் முறையில் செல்லுலாய்டு தாளுக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பு மை தொட்டுக் கையால் படியெடுப்பதுதான் வழக்கம். ஆகவே அறுபதுகள், எழுபதுகளின் படங்களுக்கு அந்தச் சொரசொரப்புதான் உயிர். அதைத் துடைத்தபின் எத்தனை வரிகள் இருந்து என்ன?

இப்போது என் சாய்வு 4கே பக்கம். அதுவும் மூல நெகட்டிவிலிருந்து புதிதாகச் செப்பனிட்டது என்றால் மட்டும். 1950-இல் வந்த 'சிண்ட்ரெல்லா'வின் 4கே வட்டு 2023-இல் வெளியானது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் வழியே கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மூன்று முறை படம் பிடித்தார்கள். அந்த மூன்றையும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான் நிறமும் கோடும் சரியாக வரும். இந்த வட்டில் துகளும் இருக்கிறது, கோடும் இருக்கிறது. என்னிடம் உள்ள 4கே வட்டுகள் இரண்டே இரண்டு, தொலைக்காட்சியும் நடுத்தர அளவுதான். எனவே இதைப் பொதுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு பகுதி நாடுகளுக்கென விற்ற வட்டு வேறு பகுதியின் கருவியில் ஓடாதபடி தடுக்கும் மண்டலப் பூட்டு டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் உண்டு, 4கேயில் இல்லை. 576 வரி டிவிடிகள் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்களை 25 ஆக ஓட்டுவதால், பாட்டுகளின் சுருதி சற்று ஏறிக் கேட்கும். அதைக் கவனித்தது வீட்டில் நான் ஒருவன்தான்.

நல்ல 4கே வராத படங்களுக்கு டிவிடியே போதும் என்று இருந்துவிட்டேன். அந்த ப்ளூ-ரேயையும் விற்கவில்லை. அதில் இணைப்பாகத் தயாரிப்பு ஓவியங்களைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். படத்தில் தொலைந்த தாடிக் கோடுகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன.