செலெஸ்ட் ஆடி மூன்று வருடம்: டவர்ஃபால் பழக்கிய கையோடு

மேடலின் என்ற பெண்ணை மலையேற்றும் செலெஸ்ட் என்ற வீடியோ கேமில் இதுவரை 6,214 முறை செத்திருக்கிறேன். எண்ணியது நான் இல்லை, ஆட்டமே எண்ணி வைத்திருக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு தபால் அட்டையைக் காட்டி, எத்தனை முறை செத்தாலும் பெருமைப்படு, சாகச் சாகத்தான் கற்றுக்கொள்கிறாய் என்று சொல்லிவிடுகிறது. முதலில் படித்தபோது சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இதை வாங்கியதே டவர்ஃபால் என்ற இன்னொரு கேமால்தான். 2017இல் புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு பழைய லேப்டாப், ஒரு மானிட்டர், கடன் வாங்கியதும் சேர்த்து மூன்று கன்ட்ரோலர். நான்காவது ஆளுக்குக் கீபோர்டு. ஒரே திரைக்குள் நான்கு வில்லாளிகள், ஆளுக்கு மூன்று அம்பு. தீர்ந்துவிட்டால், அடித்த அம்பை ஓடிப்போய் எடுத்தால்தான் அடுத்த அம்பு. திரையின் இடப்பக்கம் வெளியே போனால் வலப்பக்கம் வருவோம், கீழே விழுந்தால் மேலிருந்து வருவோம். தலையில் குதித்தும் கொல்லலாம். ஒரு சுற்று அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் முடிந்ததும் கடைசிச் சாவை மறுபடி ஓட்டிக் காட்டும் பாருங்கள், அதற்குத்தான் கூச்சல். கீழ்வீட்டு அம்மா இரண்டு முறை மேலே வந்து கேட்டுவிட்டுப் போனார்.

டவர்ஃபால் முதலில் 2013இல் ஓயா என்ற சின்ன கேம் பெட்டியில் வந்தது. மறு வருடம் அசென்ஷன் என்ற பெயரில் கம்ப்யூட்டருக்கும் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. உருவாக்கியவர் மேடி தார்சன். 2018 ஜனவரியில் வந்த செலெஸ்டும் அவருடையது, இதில் நோயல் பெர்ரி கூட்டு. நடுவில் 2015இல் பிக்கோ-8 என்ற குட்டி கேம் மென்பொருளில் இருவரும் நான்கே நாளில் செய்த குட்டி செலெஸ்ட் ஒன்று உண்டு. அது பெரிய ஆட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, ஹோட்டல் அத்தியாயத்தில் தேடிப் பாருங்கள்.

செலெஸ்டைத் திறந்து முதல் குதி குதித்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கனம், உச்சியில் கொஞ்சம் நின்று இறங்குகிற அந்த விதம், லாஸ்பேட்டையில் பழகியது. பிறகு மேடி தார்சன் எழுதிய ஒரு விளக்கத்தைப் படித்தேன். இரண்டு ஆட்டத்துக்கும் அடியில் ஓடும் இயற்பியல் ஒன்றேதான். எல்லாமே சாயாத செவ்வகப் பெட்டிகள், எல்லா இடமும் முழு எண். அரை பிக்சலில் யாரும் நிற்க முடியாது. மிச்சப் பின்னத்தைத் தனியே சேர்த்துவைத்து, போதிய அளவு சேர்ந்ததும் ஒரு பிக்சல் நகர்த்துகிறார்கள். நம் மளிகைக்கடைச் சில்லறைக் கணக்கு மாதிரிதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஆட்டம் நமக்குத் தெரியாமல் செய்யும் உதவிகள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போது குதித்தாலும் சில ஃபிரேம் வரை, அதாவது கண்சிமிட்டும் நேரம் வரை, தரையிலிருந்து குதித்ததாக எடுத்துக்கொள்ளும். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பட்டனை அழுத்திவிட்டால் நினைவில் வைத்திருந்து தொட்டதும் குதிக்கும். மேலே போகும்போது தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் ஓரமாகத் தள்ளி மேலே விட்டுவிடும். சுவரை ஒட்டாமல் இரண்டு பிக்சல் தள்ளியிருந்தாலும், சுவரை உதைத்துக் குதிக்கும் சுவர்க்குதி கிடைக்கும். நூறு முறை ஒரே இடத்தில் செத்தும் ஆட்டத்தின் மேல் கோபம் வராததற்குக் காரணம் இதுதான். பிசகு என்னுடையது என்று தெரிகிறது.

இந்தத் தாராளம் டவர்ஃபாலிலேயே உண்டு. அதில் எய்த அம்பு எதிராளியை நோக்கி லேசாக வளையும். எங்களில் ஒருத்தி அதற்குமுன் கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை, இரண்டாம் நாளே எங்களை அடித்தாள். தன் குறி அப்படி என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.

டவர்ஃபாலைத் தனியாக ஆடலாமா என்றால், ஆடலாம். குவெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அலை அலையாக வரும் அரக்கர்களை அடிக்கலாம். கடலூருக்குத் திரும்பி வந்தபின் மஞ்சக்குப்பம் வீட்டில் ஒரு மாதம் முயன்றேன். கல்யாணம் முடிந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஆன்லைனில் ஆடும் வசதியும் கிடையாது. புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான், ஆனால் அந்த மாடி வீட்டில் இப்போது வேறு யாரோ.

அதனால் 2022இல் செலெஸ்ட் வாங்கினேன். மூன்றாம் அத்தியாயத்தில், அந்த ஹோட்டலைச் சுத்தம் செய்து முடிந்ததும் ஹோட்டல்காரர் ஓஷிரோ துரத்துகிற இடத்தில், கடுப்பாகி விட்டுவிட்டேன். இரண்டு வருடம் தொடவே இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இங்கே கரண்ட் போனது, நெட்டும் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, இன்டர்நெட் கேட்காமல் ஓடும் ஆட்டம் அது ஒன்றுதான் இருந்தது. ஓஷிரோவைத் தாண்டி நான்காம் அத்தியாயத்தின் முடிவுக்கு வந்தேன். தொங்கும் வண்டி நடுவழியில் நிற்க, மேடலினுக்குப் படபடப்பு வருகிறது. கூட இருக்கும் தியோ, ஒரு இறகை மனதில் நினைத்து அது மிதக்கும்படி மூச்சு விடச் சொல்கிறான். நாமும் பட்டனை அழுத்தி விட்டு இறகை மிதக்கவைக்க வேண்டும். வெளியே காற்று ஜன்னல் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நானும் சேர்ந்துதான் மூச்சு விட்டேன். இதைவிட எனக்குப் பிடித்தது, பின்னால் இன்னொரு இடத்தில் அதே இறகு கைகொடுக்காமல் போவது. மூச்சு விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த ஆட்டம் கதை விடவில்லை. லீனா ரெய்னின் இசையை ஹெட்போனில் கேளுங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் பாதிதான் வருகிறது.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. "சித்தி, நீ மறுபடியும் செத்துட்டே" என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவான். அவனுக்கு ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோட் போட்டுக்கொடுத்தேன். வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், சுவரில் தொங்கும் தெம்பு தீராமல் வைக்கலாம், சாவே இல்லாமலும் ஆடலாம். எல்லாவற்றையும் போட்டுவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. வேகத்தை மட்டும் 70 சதவீதத்தில் வைத்தேன். அவன் இப்போது 90க்கு வந்துவிட்டான், அவனே மாற்றிக்கொண்டான்.

குறைகளும் இருக்கின்றன. கீபோர்டில் இசட்டை அழுத்திப் பிடித்தபடியே சுவர் ஏற வேண்டும். ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும். செட்டிங்ஸில் போய் ஒரு முறை தட்டினால் பிடிக்கிறபடி மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு இது தெரியவே ஆறு மாதம் ஆனது. கன்ட்ரோலர் என்றால் நல்லதாக வாங்குங்கள். நான் வாங்கிய மலிவு விலைக் கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் ஒரு வருடத்தில் தானாக மேலே இழுக்க ஆரம்பித்துவிட்டது, எங்கள் கடற்காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம். டாஷ் என்ற காற்றுப் பாய்ச்சல் எட்டுத் திசையில்தான் போகும், ஸ்டிக் கொஞ்சம் இழுத்தாலும் நேராகப் போக வேண்டியவள் குறுக்கே போய் முள்ளில் விழுவாள். கன்ட்ரோலரின் அம்புக்குறி பட்டன்களில் ஆடுவது மேல்.

2019இல் இலவசமாகச் சேர்த்த ஃபேர்வெல் அத்தியாயம் எனக்கு அதிகப்படி. நூறு அறைக்கு மேல், பாதியில் நிற்கிறேன். அத்தியாயங்களின் கடின வடிவமான பி-சைடுகள் அப்படியில்லை, கஷ்டம் ஆனால் சுருக்கம். ஸ்ட்ராபெர்ரி பொறுக்குவது வீண் வேலை என்று ஆட்டமே சொல்கிறது, நான் 131 பொறுக்கியிருக்கிறேன். 2024இல் வந்த முப்பரிமாண செலெஸ்ட் 64ஐ ஒரு சாயங்காலம் ஆடினேன். இலவசம், சின்னது, சரி.

தனியாக இருப்பவர்கள் செலெஸ்ட் வாங்கலாம், தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள், அடிக்கடி வரும். வீட்டில் நாலு பேர் கூடுவார்கள் என்றால்தான் டவர்ஃபால்.

போன பொங்கலுக்கு லாஸ்பேட்டைக்காரிகள் இரண்டு பேர் வந்தார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து டவர்ஃபாலைப் போட்டோம். வீட்டுக்காரி என்பதால் இழுக்கிற ஸ்டிக் எனக்கு. செலெஸ்ட் பழக்கத்தில், குதித்த மறுநொடி விரல் தானாக டாஷ் பட்டனுக்குப் போகிறது. இதில் அந்த வேலையைச் செய்வது தப்பிக்கும் பட்டன், சரியான நொடியில் அழுத்தினால் வரும் அம்பைக் கையில் பிடித்துவிடலாம். பார்க்காமலேயே இரண்டு அம்பு பிடித்தேன். "எப்ப இவ்வளவு கத்துக்கிட்டே?" என்றாள், தன் குறியை நம்புகிறவள். தினமும் பழகுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.