ஜோர்டன் கார்டு என்ன விலை போகும்? பெக்கெட், ஈபே, பிஎஸ்ஏ

அமெரிக்காவில் 1986-ல் ஃப்ளியர் நிறுவனம் வெளியிட்ட கூடைப்பந்து செட்டில், வீரர்களின் படம் போட்ட சேகரிப்புக் கார்டுகள் மொத்தம் 132. அதில் 57-ம் எண், கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன். அதன் விலையை எங்கே பார்ப்பது?

முன்பெல்லாம் ஒரே பதில்தான்: பெக்கெட். ஜேம்ஸ் பெக்கெட் 1984-ல் தொடங்கிய மாத இதழ். கார்டுக்கு எதிரே குறைந்த விலை, கூடிய விலை என இரண்டு எண்கள் இருக்கும். கடைக்காரரும் வாங்க வந்தவரும் அதைப் புரட்டித்தான் பேரம் பேசினார்கள். இன்று அச்சேறுவதற்குள் விலை நகர்ந்துவிடுகிறது. எந்த செட், எந்த எண் என்று அடையாளம் காண பெக்கெட் இன்னும் உதவும். விலைக்கு நான் அதை நம்பமாட்டேன்.

இணையச் சந்தையான ஈபேயில் இன்னும் விற்காமல் விலை கேட்டு நிற்கும் கார்டுகளைப் பார்த்துப் பயனில்லை, யாரும் எவ்வளவும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். சுமார் 90 நாள் விற்பனை தெரியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: பேரம் பேசி முடிந்த விற்பனையில் விற்பவர் முதலில் கேட்ட விலை கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும், கைமாறிய தொகை தெரியாது. அதை 130பாயின்ட் தளம் இலவசமாகவே காட்டிவிடுகிறது.

சரி, பிஎஸ்ஏ எதற்கு? அது கார்டின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை தரம் போடும் நிறுவனம். ஒவ்வொரு தரத்துக்கும் ஏலத்தில் கிடைத்த விலைகள், அந்தத் தரத்தில் எத்தனை கார்டுகள் இருக்கின்றன என்ற கணக்கு, இரண்டும் அதன் தளத்தில் உண்டு. பல வருட விலை ஒரே இடத்தில் கிடைப்பதுதான் இதன் பலம். 2021 ஜனவரியில் 10 தரம் பெற்ற ஜோர்டன் கார்டுகள் இரண்டு, கோல்டின் நிறுவனத்தின் ஏலத்தில் தலா 7,38,000 டாலருக்குப் போயின. அடுத்த ஆண்டே அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்த உச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விலை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

தரம் போடாத கார்டை 10 தரத்தின் விலையோடு ஒப்பிடவே கூடாது. 9-க்கும் 10-க்கும் நடுவிலேயே மலையளவு வித்தியாசம். போதாக்குறைக்கு, இந்தக் கார்டில் போலிகள் ஏராளம்.

என் வரிசை: முதலில் ஈபேயில் விற்றவை, விலையுயர்ந்த கார்டு என்றால் பிஎஸ்ஏ, கடைசியாகத்தான் பெக்கெட். 1990 வாக்கில் அச்சடித்துக் குவித்த சாதாரண பேஸ்பால் கார்டுகளுக்கு இவ்வளவு தேடல் வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குத் தரம் போடும் கட்டணம்கூடத் திரும்பி வராது.