மழையில் நட்டுவிட்டு வெயிலில் கைகழுவும் தோட்டக் காண்ட்ராக்ட்: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கு இப்பால், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் ஒரு புது வீடு. ஐப்பசி மழையில் தோட்டம் போட்டுக் கொடுத்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் 12 குழிச் செடிகளில் 9 கருகிவிட்டன. காண்ட்ராக்டரிடம் கேட்டால், "3 மாத ரீப்ளேஸ்மென்ட் முடிஞ்சு போச்சு சார், நீங்க தண்ணி சரியா விடல" என்கிறார். தண்ணீர் தினமும் விட்டிருக்கிறார்கள். செடிகளைக் கொன்றதே அந்தத் தண்ணீர்தான்.

இந்த 3 மாதக் கணக்கைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வேர்ப்பகுதியிலுள்ள உப்பு கீழே கழுவிப் போய்விடும். அந்த நேரத்தில் எதை நட்டாலும் தை வரை பச்சையாக நிற்கும், உத்தரவாதமும் தையோடு முடிந்துவிடும். பங்குனியிலிருந்து போர் தண்ணீர் மட்டுமே கதி. நிலத்தடி நீர் இறங்க இறங்க அதன் உப்பும் ஏறும். செடி சாகும்போது கேட்பதற்கு ஆள் இருக்காது.

இந்த வீட்டுப் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) காட்டியது லிட்டருக்கு 2,340 மில்லிகிராம். எலுமிச்சைக்குச் சுமார் 700-ஐத் தாண்டினாலே காய்ப்பு குறையத் தொடங்கும். 1,900-க்கு மேல் போனால் உப்பு தாங்கும் செடிகளைத் தவிர வேறெதையும் யோசிக்கவே கூடாது. ஆனால் கோட்டேஷனில் இருந்தவை எலுமிச்சை, ரோஜா, இட்லிப்பூ, மேற்குச் சுவரோரம் அரிக்கா பாம், விலை அதிகமாகப் போட்ட 2 பட்டர் ஃப்ரூட் கன்றுகள். பட்டர் ஃப்ரூட் உப்பைத் துளியும் தாங்காது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி.1 ரகம்கூடக் கொடைக்கானல் கீழ்மலைச் சூழலுக்கானது. கடற்கரை மணலில் அதை விற்பது அறியாமையாக இருக்கலாம், ஆனால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

இலையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். எலுமிச்சையின் முதிர்ந்த இலைகளில் நுனியிலிருந்து ஓரமாகப் பழுப்பு ஏறியிருந்தது, நடு இலை பச்சை. அது உப்பு. தண்ணீர் போதாத செடி முதலில் துவண்டு தொங்கும், இது துவளாமல் விறைப்பாக நின்றே கருகியது. பாத்தியில் காய்ந்த மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுவரோர இட்லிப்பூவில் கதை வேறு. தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மண்ணுக்கடியில் சிமென்ட் கலவையும் உடைந்த செங்கல்லும் கிடந்தன. அந்தக் கலவையிலுள்ள சுண்ணாம்பு, மண்ணைக் காரமாக்கி, இருக்கிற இரும்புச் சத்தையும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டிவிடும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்ஃபேட்) வாங்கிப் போட்டாலும் அந்த மண்ணில் அதுவும் பூட்டிக்கொள்ளும். இடிபாட்டை அள்ளாமல் தீர்வில்லை.

ஒரு கன்றைத் தோண்டியபோது கறுப்புப் பையோடேயே புதைத்திருந்தார்கள், அடியில் மட்டும் ஒரு கீறல். வேர் பைக்குள்ளேயே சுருண்டு கயிறு திரித்த மாதிரி இருந்தது. நல்ல தண்ணீர் இருந்திருந்தாலும் அது தேறியிருக்காது.

மண் கணக்கிலும் ஏமாற்று. பில்லில் செம்மண் 3 யூனிட், அதாவது 300 கன அடி. 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடியாக 12 குழிகளுக்குக் கிட்டத்தட்ட 1 யூனிட், 400 சதுர அடிப் புல்வெளிக்கு அரையடி கனத்தில் 2 யூனிட் என்று கோட்டேஷன் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. கடப்பாரையை இறக்கிப் பார்த்தால் குழி ஓரடியில் கட்டாந்தரை. புல்லுக்கடியில் மண் 2 அங்குலம். மொத்தம் சுமார் 115 கன அடி, ஒரு யூனிட்டுக்குச் சற்றே அதிகம். வேலை நடக்கும் நாளில் டேப் வைத்து அளந்து பாருங்கள். மூடிய பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

செப்டிக் டேங்குக்கு 3 அடி தள்ளி கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தில் வேலி வேறு. சீக்கிரம் வளரும் என்று சொல்லி இன்னமும் விற்கிறார்கள். வேர் குழாய்க்குள் புகும் என்பதும் குஜராத் அரசு 2023-இல் அதைத் தடை செய்ததும் நர்சரி நடத்துகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. உடனே வேரோடு எடுக்கச் சொன்னோம்.

இதே இடத்தில் உருப்படியாக வருபவை இல்லாமல் இல்லை. கடல் பக்கம் காற்றுத் தடுப்பாகப் புன்னை, பூவரசு, தாழை. உள்ளே தள்ளிப் புங்கம், வேம்பு. பழத்துக்குச் சப்போட்டா. பூவுக்குக் காகிதப்பூ. அரளியும் நன்றாக வரும், ஆனால் முழுச் செடியும் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். இவற்றுக்கும் முதல் ஆண்டு தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், 3 நாளுக்கு ஒருமுறை குழி நிறைய விடுங்கள், உப்பு வேருக்குக் கீழே இறங்கும். இலைமேல் படவே கூடாது.

ஆலோசகரோ காண்ட்ராக்டரோ, செடிப் பட்டியலை நீட்டுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்தாரா என்று கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம், அதுவும் மே மாதத் தண்ணீராக இருந்தால்தான் உண்மை தெரியும். ஓரடிக் குழியில் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அடியில் இடிபாடோ களியோ இருக்கிறது. பிற்பகல் 3 மணி வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது என்று நேரில் வந்து பார்க்காதவரிடம், அந்த வெயிலில் இலை கருகும் அரிக்கா பாமை வாங்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் 3 மாதம் என்று எழுத விடாதீர்கள். "அடுத்த மே 31 வரை" என்று தேதி போட்டு எழுதி, மொத்தத் தொகையில் கால் பங்கை அதுவரை நிறுத்தி வையுங்கள். கருகிய இடத்தில் அதே செடியை மாற்றி வைப்பதை ரீப்ளேஸ்மென்டாக ஏற்க மாட்டோம், காரணம் கண்டுபிடித்து வேறு செடி வைக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். இந்த இரண்டுக்கும் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.