ஏசி அருமை, திகதியை மட்டும் நீங்களே பாருங்கோ

திருகோணமலை நகரத்துக்குள் இருக்கும் ஒரு சுப்பர் மார்க்கெட்டைப் பற்றியது இது. பெயர் போடவில்லை. அங்கே ரீ-சேட் போட்டுக்கொண்டு சாமான் அடுக்குகிற பிள்ளைகள் பலர் எனக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். நான் எழுதியதைக் காட்டி அவர்களில் ஒருவனின் சம்பளத்தில் கை வைத்தார்கள் என்றால் எனக்கு நித்திரை வராது. பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை, இதில் எழுதியிருப்பது ஊரில் இன்னும் சில கடைகளுக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும்.

நான் உப்புவெளியில் சில அறைகளை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். காலைச் சாப்பாடும் வாடகையில் சேர்த்தி. இடியப்பமும் சொதியும் விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு யோகட், பட்டர், சீஸ், சொசேஜஸ் இல்லாமல் பொழுது விடியாது. அதனால் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் முடியும்வரை அந்தக் கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டோவில் அலைவதுதான் என் வேலை.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடை சுத்தம். கச்சான் காற்று அடித்து ஊரே வரட்டியாகிக் கிடக்கும் மத்தியானத்தில் உள்ளே போனால் வெளியே வர மனம் வராது. லீக்ஸ், கரட், கோவா எல்லாம் வாடாமல் இருக்கும். பில்லில் பிழை வந்ததாக நினைவில்லை. தமிழ், சிங்களம் இரண்டிலும் பேசுகிற பிள்ளைகள், முகம் சுளிக்காமல் சாமான் தேடித் தருவார்கள். மீன் பகுதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. திருகோணமலையில் குடியிருந்துகொண்டு ஏசிக் கடையில் மீன் வாங்குகிறவரை நான் இன்னும் காணவில்லை.

பிரச்சினை கூலரில்தான் தொடங்குகிறது.

ஓகஸ்ட் மாதம், அறையெல்லாம் நிரம்பியிருந்த நேரம். யோகட் எடுக்கப் போனேன். மூடியின் விளிம்பில் மையால் அடித்திருந்த திகதி ஈரத்தில் பாதி அழிந்து கிடந்தது. கூலரில் வியர்த்த கோப்பையை ஆளுக்காள் கையால் தொட்டால் அப்படித்தான் ஆகும். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முந்தாநாளோடு முடிந்திருந்தது. பக்கத்தில் இருந்ததும் அதே. முன்வரிசை முழுக்க அதே திகதி. கையைப் பின்னுக்கு விட்டுத் துழாவினால், இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் காலம் இருக்கிற புதுச் சரக்கு அடுக்கியிருக்கிறது.

பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் வைப்பதில் பிழையில்லை. எந்தக் கடையிலும் அதுதான் முறை. ஆனால் அந்த முறைக்கு ஒரு மறுபாதி இருக்கிறது: முன்னுக்கு நிற்பதை யாராவது ஒருவர் ஒவ்வொரு நாளும் பார்த்து, முடிந்ததைக் கழித்துப் போட வேண்டும். முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், காலம் முடிந்த பொருளைத் தேர்ந்தெடுத்து வாடிக்கையாளர் கைக்குக் கிட்ட வைப்பதாகத்தான் அது முடியும்.

பக்கத்தில் பால்மா அடுக்கிக்கொண்டிருந்த பெடியனைக் கூப்பிட்டேன்.

“தம்பி, இது முந்தாநாளோட முடிஞ்சுது.”

“அது நாங்க அடுக்கிறேல்ல அக்கா. கம்பனி ரெப் அண்ணாதான் வந்து மாத்துறவர். அவர் இந்தக் கிழமை இன்னும் வரேல்ல.”

அவன் பொய் சொல்லவில்லை. யோகட், ஐஸ்கிறீம், சொசேஜஸ் மாதிரிச் சாமான்களைப் பல இடங்களில் கம்பனி ஆட்களே வந்து அடுக்குவார்கள். முடிந்ததைக் கழித்து, ரிட்டேர்ன் எழுதி, புதியதை வைத்துவிட்டுப் போவார்கள். கடைக்கு நட்டமில்லை, ஆகவே கடைக்கு அவசரமும் இல்லை. ரெப்புக்கோ கந்தளாய், கிண்ணியா, மூதூர் என்று சுற்றி வர வேண்டியிருக்கிறது. அவருடைய லொறி பிந்தினால் நாள் நிற்குமா?

அப்புறம் பொறுப்பாளரிடம் போனேன். மரியாதையான மனிதர். கோப்பைகளை வாங்கிக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. “ஆனா மேடம், கஸ்டமரும் ஒருக்காப் பாத்து எடுத்தா நல்லம்தானே” என்றார்.

நல்லம்தான். நான் பார்த்துத்தான் எடுக்கிறேன். ஆனால் அது நான் என் பிள்ளை வயிற்றுக்காகச் செய்கிற வேலை, அவருடைய கடைக்காகச் செய்கிற வேலை அல்ல. நம் நாட்டு உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் வந்த விதிகளின்படி காலம் முடிந்த உணவை விற்பது மட்டுமல்ல, விற்பதற்கென்று றாக்கையில் வைத்திருப்பதே குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் எடுத்துக்கொண்டு போய் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அந்த நேரம் கூண்டில் ஏறுவது கடைக்காரர்தான். “ரெப் வரேல்ல ஐயா” என்று அங்கே சொல்லிப் பார்க்கட்டும். கம்பனி திகதியைச் சரியாக அடித்து அனுப்ப வேண்டும், பரிசோதகர் இடைக்கிடை வந்து பார்க்க வேண்டும், வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினால் அவருக்கு நல்லது. இவை எல்லாம் மேலதிகம். தினமும் கூலரைத் திறந்து பார்க்கிற கடமை கூலருக்குக் கரண்ட் பில் கட்டுகிறவருடையது.

“மெஷினில அடிக்கேக்க பிடிக்காதா?” என்று என் மகள் கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், காசாளர் ‘டிக்’ என்று அடிக்கும்போது முடிந்த சாமான் என்றால் மெஷின் கத்தும் என்று. கத்தாது. நாம் வழக்கமாகக் காண்கிற கோடு கோடான பார்கோட்டில் திகதியே இல்லை. அதில் இருப்பது பொருளின் இலக்கம் மட்டும். இலங்கையில் பதிந்த கம்பனியின் சாமான் என்றால் 479 என்று தொடங்கும். நேற்றுச் செய்த யோகட்டுக்கும் போன மாதம் செய்த யோகட்டுக்கும் அதே கோடுதான், அதே இலக்கம்தான். மெஷினுக்கு இரண்டும் ஒன்று. திகதியையும் தொகுதி இலக்கத்தையும் உள்ளே வைக்கக்கூடிய சதுரக் குறியீடு இப்போது இருக்கிறது, அது வந்த இடங்களில் முடிந்த பொருளுக்குக் காசாளர் மேசையிலேயே பில் விழாமல் தடுக்கலாம். நான் வாங்குகிற கோப்பைகளில் பழைய கோடுதான். ஆகவே கடையில் திகதியைப் பார்க்கக்கூடிய ஒரே கருவி மனிதக் கண்.

லண்டனில் இருக்கிற தம்பியிடம் இதைச் சொன்னபோது, அங்கே திகதியே இரண்டு வகை என்றான். இறைச்சி, மீன், சமைத்த சாப்பாடு மாதிரிக் கெட்டால் ஆளை விழுத்தக்கூடியவற்றுக்கு ஒரு திகதி. அது தாண்டினால் விற்பது குற்றம், மணந்து பார்த்து நல்லாயிருக்கிறதென்று சாப்பிடவும் கூடாது. பிஸ்கட், அரிசி, டின் சாமானுக்கு வேறொரு திகதி. அது ருசிக்கும் தரத்துக்கும் போட்டது, தாண்டினாலும் பாதுகாப்பாக இருக்கிற பொருளை விற்கலாம். 2022 ஜனவரியில் மொரிசன்ஸ் என்கிற அங்கத்தைய சுப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்கிற பாலில் பெரும்பகுதியை முதல் வகையிலிருந்து இரண்டாவதற்கு மாற்றி, மணந்து பார்த்துக் குடியுங்கள் என்றே சொல்லிவிட்டது. வீணாய்ப் போகிற பாலைக் குறைக்கிறதுக்காம். நம் ஊர்ப் பொதிகளில் உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி என்று இருக்கும், சொசேஜஸுக்கும் ஒரே முடிவு, மலிபன் பிஸ்கட்டுக்கும் ஒரே முடிவு. அதனால் சனம் ஒன்றில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறது, அல்லது எதற்கும் பயப்படுவதில்லை. ஒருநாள் தாண்டிய கிறீம் கிறேக்கரைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆட்கள், வெயிலில் ஓட்டோவுக்குள் ஒரு மணித்தியாலம் கிடந்த சொசேஜஸைப் பிரிட்ஜில் வைத்து அடுத்த கிழமை பொரிப்பார்கள்.

இதில் இன்னொன்று இருக்கிறது, எனக்குத் திகதியைவிட இதுதான் பெரிது. பொதியில் அடித்த திகதி தனியாக நிற்பதில்லை. பக்கத்திலேயே குளிரில் வையுங்கள் என்று, சிலவற்றில் 4 பாகைக்குக் கீழே என்று, எழுதியிருக்கும். அந்தக் குளிரை விட்டால் அந்தத் திகதிக்கும் மதிப்பில்லை. இங்கே வெயில் காலத்தில் 35 பாகை சர்வசாதாரணம். லொறியிலிருந்து இறக்கிய பெட்டி பின்வாசலில் கணக்குப் பார்க்கும்வரை கிடந்தால், இரவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கப் பிந்தினால், கோப்பையில் இன்னும் பத்து நாள் இருக்கும், உள்ளே யோகட் இருக்காது. இந்தக் கடையிலேயே மூடி உப்பிய கோப்பைகளைக் கண்டிருக்கிறேன், திகதி நல்ல திகதி. உள்ளே பூஞ்சண வகை ஏதோ புளித்துக் காற்று விட்டிருக்கிறது என்று அர்த்தம். மூடியை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், மேளம் மாதிரி விறைப்பாக இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். இதே கணக்கு டின்மீனுக்கும்: உப்பிய டின்னுக்குத் திகதி பார்க்கத் தேவையே இல்லை.

வெளிநாட்டுச் சாமான் றாக்கைக்கு வருவோம். ஊரைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. குளிக்கிற கடலும் திமிங்கிலம் பார்க்கிற சீசனும் இருக்கும்வரை சீஸ், மூஸ்லி, ஒலிவ் எல்லாம் பறக்கும். ஒக்டோபரில் வாடைக் காற்றுத் தொடங்கினால் வெள்ளைக்காரர் தெற்குப் பக்கம் போய்விடுவார்கள். கடை ஓடர் பண்ணிய சரக்கு அப்படியே நிற்கும். மழைகாலம் முழுக்கத் தூசி பிடித்து, அடுத்த சீசனுக்கு ஆட்கள் வந்திறங்கும்போது அதே போத்தல்தான் முதல் வரிசையில் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த றாக்கையில் எதை எடுத்தாலும் திருப்பிப் பாருங்கள். அதிலும் நாளையும் மாதத்தையும் மாற்றி அடிக்கிற நாடுகள் உண்டு. 05.08 என்றால் ஓகஸ்ட் 5ஆ, மே 8ஆ? உற்பத்தித் திகதியோடு ஒப்பிட்டால் சில நேரம் பிடிபடும், பிடிபடாவிட்டால் வாங்காமல் விடுவது மேல்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “பேசாமல் சின்னக் கடையில் வாங்கு” என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கை முனைக் கடை அண்ணையிடம் கூலர் சின்னது, ஒரு நாளைக்கு ஒரு தட்டு யோகட்தான் எடுப்பார், பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். மிஞ்சினால் “நாளையோட முடியுது தங்கச்சி, வேணுமெண்டா பாதி விலைக்குக் கொண்டு போ” என்று வாயாலேயே சொல்வார். ஆனால் அவர் கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் கூலரை நிற்பாட்டுகிற ஆள் என்பதும் ஒழுங்கை முழுக்கத் தெரியும். எருமைத் தயிருக்கோ திகதியே கிடையாது. கிண்ணியாவிலிருந்து சட்டி கொண்டுவருகிற நானாவிடம் “எப்ப உறைய வச்சது?” என்றால் “நேத்து ராவு தங்கச்சி” என்பார், சட்டியைச் சரித்துக் காட்டுவார். தண்ணீர் விடாமல் நின்றால் வாங்குவேன். பெயர் தெரிந்த ஆள், நாளைக்கும் அதே வாசலுக்கு வரவேண்டிய ஆள். சுப்பர் மார்க்கெட்டில் அந்த முகம் இல்லாததால்தானே திகதி அடிக்கிறார்கள்? அடித்த பிறகு அதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லையென்றால் எப்படி?

என் வீட்டு மேசையில் யோகட் சாப்பிட்டு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வயிற்றால் போனால், அந்தத் தாய் கம்பனியையும் தேடமாட்டாள், ரெப்பையும் தேடமாட்டாள். என்னைத்தான் பார்ப்பாள். அது நியாயமும்கூட. நான் காசு வாங்கிக்கொண்டு சாப்பாடு கொடுக்கிறேன். அதே கணக்கைத்தான் அந்தப் பொறுப்பாளருக்கும் போடுகிறேன், கூட ஒன்றும் கேட்கவில்லை.

நான் சொன்னதற்குப் பிறகு யோகட் கூலரில் ஒரு மாற்றம் வந்தது உண்மை. முடியப்போகிற சாமானுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, விலை குறைத்து, கீழ்த்தட்டில் தனியாக வைக்கிறார்கள். நல்ல வேலை, நானும் பட்டர் அப்படி வாங்கியிருக்கிறேன். சொசேஜஸ் இருக்கிற ஆழ்குளிர்ப் பெட்டிக்கு இன்னும் அந்த ஸ்டிக்கர் போய்ச் சேரவில்லை. அதில் அடியில் கிடப்பதைக் கிண்டி எடுக்காதீர்கள், பனி ஏறிக் கட்டியாகிக் கிடக்கும்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்று. மரக்கறி, சவர்க்காரம், மா, சீனி, பால்மா என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கூலர்ச் சாமான் என்றால் கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள், பில்லை எறியாதீர்கள். முடிந்த சாமான் கையில் அகப்பட்டால் திகதி தெரிய ஒரு படம் எடுத்துவிட்டு முதலில் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். அவர் சிரித்து மழுப்பினால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லலாம், அல்லது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு ஒரு கோல் எடுக்கலாம்.