நெத்தியில ஒரு பக்கம் மட்டும் கொப்புளமா, அக்கியா இருக்கலாம், மெடிக்கல்ல போய் நிக்காதீங்க

அம்மாவுக்கு 64 வயசு, சுகர் வேற. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை இடது பக்க நெத்தி எரியுதுன்னாங்க, சீப்பு பட்டாலே சுரீர்ங்குதாம், தலைவலியா இருக்கும்னு தைலம் தேச்சுவிட்டு சும்மா இருந்துட்டோம். செவ்வாய் காலைல பாத்தா புருவத்துக்கு மேல செவந்துபோய் கொத்து கொத்தா நீர்க்கொப்புளம்.

தெருமுனை மெடிக்கல்ல போட்டோ காட்டுனேன். அவரு போனை கையில கூட வாங்கல, எட்டிப் பாத்துட்டு "வண்டு கடி, நைட்டு லைட்டுக்கு வரும்ல, நசுக்கியிருப்பாங்க"ன்னு ஒரு டியூபும் அலர்ஜி மாத்திரையும் குடுத்து 240 ரூபா வாங்கிட்டாரு. பில் கேட்டேன், பிரிண்டர் ஓடலயாம். டியூப் ஸ்டீராய்டுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, டாக்டர் சீட்டு இல்லாம அதைக் குடுக்கவே கூடாது.

மூணு நாள் தடவுனோம், வெள்ளிக்கிழமை இமை வீங்கிடுச்சு. பெரியம்மா, கொப்புளத்து மேல காவி பூசி அக்கி எழுதுற தாத்தாகிட்ட போலாம்னு ஒரே பிடிவாதம், நான் வழியெல்லாம் சண்டை போட்டுக்கிட்டேதான் போனேன். அவரு காவியைத் தொடவே இல்ல. "அக்கிதான் தம்பி, ஆனா மூக்கு நுனில ஒண்ணு கெளம்பியிருக்கு பாரு, கண்ணுக்கு எறங்கிடும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு"ன்னாரு, காசும் வாங்கல.

தோல் டாக்டரும் மொதல்ல மூக்கு நுனியைத்தான் பாத்தாங்க. அங்க போற நரம்பும் கண்ணுக்குப் போற நரம்பும் ஒரே கிளையாம். எப்பவோ வந்த சின்னம்மை கிருமி நரம்புல ஒளிஞ்சிருந்து இப்படி அக்கியா வருதாம். அதனால வலி முன்னாடி, கொப்புளம் பின்னாடி, அதுவும் ஒரே பக்கம், நடு நெத்தில கோடு போட்ட மாதிரி நின்னுடும். வண்டு கடின்னா பூச்சி நசுங்கி இழுபட்ட எடத்துல கோடா வரும், அதுக்கு பக்கக் கணக்கெல்லாம் கெடையாது. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள அந்தக் கிருமிக்கான மாத்திரை ஆரம்பிச்சா நல்லா கேக்குமாம், நாங்க அதைத் தாண்டிட்டோம். இருந்தாலும் கண்ணுக்காக ஒரு வாரம், தினம் அஞ்சு வேளை மாத்திரை, கூடவே கண் டாக்டர்.

கண்ணு தப்பிச்சுது. வலி போகல, ஃபேன் காத்து பட்டாலே அம்மா நெத்தியைப் பொத்திக்கிறாங்க.

மெடிக்கல்ல போய் கேட்டா, "நான் என்ன டாக்டரா தம்பி, நீங்க கேட்டீங்க, குடுத்தேன்"ங்கிறாரு. மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்கு எழுதலாம்னா அந்தக் கடைலதான் வாங்குனேன்னு காட்ட ஒரு துண்டு பேப்பர் கூட எங்கிட்ட இல்ல, பாதி தீந்த டியூப் மட்டும் ஃப்ரிட்ஜ் மேல கெடக்கு.