சுங்குடி சேலைய நடக்க விடுறது: கையால வரையிறதா, கட்-அவுட்டா, ஸ்டாப் மோஷனா, பிளெண்டரா?

அனிமேஷன் கத்துக்கிட்டு இருக்க பசங்க பாக்கும்போதெல்லாம் கேக்குறது ஒண்ணுதான், அண்ணே ப்ரேம் பை ப்ரேம் (ஒவ்வொரு படமா கையால வரையிறது) நல்லதா கட்-அவுட் நல்லதா, இல்ல பேசாம பிளெண்டர்ங்கிற த்ரீடி சாப்ட்வேர்லயே விழுந்துரவா? இப்படி மொட்டையா கேட்டா என்னத்த சொல்றது. என்ன சீன், எத்தன நாள் இருக்கு, கரெக்ஷன் சொல்லப்போறது எப்பேர்ப்பட்ட ஆளு, இந்த மூணும் தெரியாம வாயத் தொறக்கக் கூடாது. அதனால நானே ஒரே சீன நாலு விதமா செஞ்சு பாத்த கதையச் சொல்றேன், எது உங்களுக்கு ஒத்து வரும்னு நீங்களே பாத்துக்கோங்க.

மதுர மாசி வீதிப் பக்கம் ஒரு சேலைக்கட, சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால 20 செகண்ட் விளம்பரம் வேணும்னாங்க. ஒரு பொண்ணு சுங்குடி கட்டிக்கிட்டு தெப்பக்குளம் ஓரமா நடந்து வரணும், முந்தான காத்துல ஆடணும், கடைசியில திரும்பிப் பாத்து சிரிக்கணும், அம்புட்டுதான். கேக்குறதுக்கு லேசு. ஆனா சுங்குடி எப்படி செய்வாய்ங்கன்னு தெரியும்ல, துணிய நூலால முடிச்சு முடிச்சா கட்டி சாயத்துல முக்கி எடுத்து அவுத்தா, கட்டுன எடமெல்லாம் சாயம் ஏறாம வெள்ளப் புள்ளியா நிக்கும், ஒரு சேலையில ஆயிரக்கணக்குல புள்ளி. அந்தப் புள்ளிதான் என் தூக்கத்தக் கெடுத்துச்சு.

மொதல்ல கையால வரையிறது. நான் கிரீட்டாங்கிற வரையிற சாப்ட்வேர்ல வரைவேன், காசு கிடையாது, என் பழைய பேனா டேப்லெட்டுக்கும் பிரச்சன பண்ணாம ஓடும். ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்துன டூன்ஸ் சாப்ட்வேரே 2016ல ஓப்பன்டூன்ஸ்னு ஓசியில வந்துருச்சு, அதையும் பாக்கலாம், ஆனா பழக நாளாகும். செகண்டுக்கு 24 ப்ரேம்னா 20 செகண்டுக்கு 480, ஒரு படத்த ரெண்டு ரெண்டு ப்ரேமுக்கு நிறுத்துனா 240 படம் வரஞ்சாப் போதும். நடைக்கு ரெண்டு எட்டு சேந்த ஒரு சுத்து, 12 படம், அதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கலாம். நட அழகாத்தான் வந்துச்சு, கால் தரையில படுறப்ப ஒடம்பு ஒரு இழ எறங்கி, அடுத்த கால் தாண்டுறப்ப மேல ஏறி, இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சு, நெசமா ஒரு பொம்பள நடக்குற மாதிரியே. பெறகு சேலையில புள்ளி வச்சேன் பாருங்க, சோலி முடிஞ்சது. ஒரு படத்துல வச்ச புள்ளி அடுத்த படத்துல ஒரு மயிரிழ தள்ளி விழுந்தாலும் ஓட விட்டா சேல பூரா கொதிக்கும். சட்டியில கடுகு வெடிக்கிற மாதிரி இருந்துச்சு. கோடு நடுங்குனா அது ஒரு அழகுன்னு சொல்லிச் சமாளிக்கலாம், புள்ளி நடுங்குனா பாக்குறவனுக்குத் தல சுத்தும்.

அடுத்தது கட்-அவுட். தல, கை, முழங்கை, தொடன்னு தனித்தனியா வரஞ்சு மூட்டுல ஆணி அடிச்ச மாதிரி ரிக் போட்டு ஆட்டுறது. நம்ம தோல்பாவைக்கூத்துல பாவைக்குத் தோள்லயும் முழங்கையிலயும் முடிச்சு போட்டுக் குச்சியால ஆட்டுவாங்கள்ல, அதே தத்துவந்தான். சேலத் துண்டுமேல புள்ளி ஒட்டிக்கிட்டு வரும், கொதிக்கவே கொதிக்காது. நிறம் மாத்தச் சொன்னா பத்து நிமிசம். குழந்தைப் பாட்டு சேனலுக்கு வாரம் ஒண்ணு குடுக்கணும்னா வேற எதையும் யோசிக்காதீங்க, இதான். ஆனா சேல அட்ட மாதிரி நடக்கும், மடிப்பு விழுற எடத்துல புள்ளி மடியாது. கடைசியில திரும்பிப் பாக்குறதுக்கு முக்கால் முகத்துக்கு ஒரு ரிக், நேர் முகத்துக்கு ஒரு ரிக்குன்னு மறுபடி மொதல்லருந்து.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. பொண்ணு இடப்பக்கமிருந்து வராம வலப்பக்கமிருந்து வரட்டும்னு கடைக்காரர் சொன்னாரு, நான் ரிக்கப் பொசுக்குனு கண்ணாடி பிம்பமா திருப்பிப் போட்டு அனுப்பிட்டேன். அவரோட அம்மா போன வாங்கி ஒரு தடவ பாத்துட்டு, "ஏய்யா தம்பி, நம்மூர்ல யாருய்யா வலது தோள்ல முந்தான போடுறது?"ன்னாங்க. திருப்பிப் போட்டா முந்தானையும் தோள் மாறும்னு பத்து வருசமா இதே வேலையில இருக்க எனக்கு ஒறைக்கல.

மூணாவது ஸ்டாப் மோஷன், அதாவது பொம்மைய இம்மி இம்மியா நகத்தி ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து ஓட விடுறது. இதச் சொல்றப்ப கொஞ்சம் ஓரவஞ்சன இருக்கும், மன்னிச்சுக்கோங்க, எனக்குப் புடிச்சது இதான். திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில கொலு பொம்ம செய்யிறவங்ககிட்ட மண்ணு கேட்டு வாங்கியாந்தேன். மொத நாளே தெரிஞ்சுபோச்சு, அது காஞ்சா கல்லு, காயுறதுக்குள்ள வளச்சா வெடிப்பு. ஆட்டுறதுக்கு உள்ள அலுமினியக் கம்பி எலும்பு, மேல காயாத பிளாஸ்டிசின் களிமண்ணு, அப்பத்தான் கை கால் சொன்ன எடத்துல நிக்கும். எட்டு இஞ்ச் பொம்ம. நெசச் சுங்குடித் துண்ட வெட்டிச் சுத்திப் பாத்தா ஒவ்வொரு புள்ளியும் அவ கண்ணு பெருசுக்கு இருக்கு, போர்வையப் போத்துன மாதிரி. கடைசியில மல் துணி வாங்கிச் சாயம் போட்டு, குண்டூசித் தலைய வெள்ளப் பெயிண்டுல தொட்டுத் தொட்டு நானே புள்ளி வச்சேன், ரெண்டு ராத்திரி. முந்தான காத்துல நிக்க ஓரத்துல மெல்லிசு கம்பி வச்சுத் தச்சேன். ஒவ்வொரு போட்டோவுக்கும் கம்பிய ஒரு நெல்லு அளவு வளைக்கணும், செகண்டுக்கு 12 போட்டோ.

இனி மதுர வெயில். மொட்ட மாடி ரூம், பங்குனி மாசம், பேன் போட முடியாது, போட்டா முந்தான அதுபாட்டுக்கு ஆடும். சன்னலத் தொறக்க முடியாது, வெயிலு நகர நகரப் படத்துல நெழலும் நகரும். போன்ல போகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூணையும் பூட்டி வச்சாலும் வோல்டேஜ் எறங்குனா லைட் மங்கி ஓட விடுறப்ப மினுக்குமினுக்குனு அடிக்கும். மத்தியானம் சாப்ட்டு வந்து பாத்தா பொம்மைக்குக் கழுத்து எறங்கிப்போச்சு, களிமண்ணு எளகி. இம்புட்டையும் சமாளிச்சு 86 போட்டோ எடுத்த பெறகு அம்மா காப்பி கொண்டாந்தாங்க, அவங்க முந்தான மாட்டி ட்ரைபாட் கால இழுத்துருச்சு. கேமரா ஒரு விரக்கட நகந்தாலும் பின்னணி பூராத் துள்ளும், மொதல்லருந்துதான். இதுல கடைக்காரர் நிறத்த மாத்தச் சொன்னா? அதுக்குப் பதிலே கிடையாது. கிளையன்ட் வேலைக்கு ஸ்டாப் மோஷன் எடுக்குறவன், ஸ்டோரிபோர்டுல கையெழுத்து வாங்காம ஒரு போட்டோகூட எடுக்கக் கூடாது.

பிளெண்டரப் பத்திச் சுருக்கமாச் சொல்றேன், இத ஆளாளுக்குப் பேசிட்டாய்ங்க. பிளெண்டர்லயே செஞ்ச 'ஃப்ளோ' 2025ல ஆஸ்கார் வாங்குனதுலருந்து கிளையன்டே வந்து "அந்தச் சாப்ட்வேர்ல பண்ணுங்க தம்பி"ங்கிறாங்க. புள்ளிப் பிரச்சன இதுல இல்லவே இல்ல, டெக்ஸ்சரா, அதாவது துணிமேல ஒரு படமா, ஒட்டிட்டா மடிப்புல மடியும், விரிஞ்சா விரியும். ஆனா துணி எப்படி ஆடும்னு கணக்குப் போட்டு ஆட்டுற கிளாத் சிமுலேஷன அப்படியே விட்டா பருத்திச் சேல ரப்பர் ஷீட் மாதிரி தொங்கும், வெறப்பு ஏத்தணும். இடுப்புக் கொசுவம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து கிழியும், அதத் தனியா உக்காந்து சரி பண்ணணும். ரெண்டர் போட, அதாவது கடைசிப் படமா மாத்தி எடுக்க, பிளெண்டருக்குள்ள சைக்கிள்ஸ், ஈவின்னு ரெண்டு வழி இருக்கு. சைக்கிள்ஸ்ல என் மெஷினுக்கு ஒரு ப்ரேம் 3 நிமிசம், 480 ப்ரேம்னா சரியா ஒரு நாள் முழுக்க. ஈவியில போட்டா சில நிமிசத்துல முடிஞ்சிரும், வெளிச்சம் அம்புட்டு பதவிசா இருக்காது. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, நேரா வீடியோவா ரெண்டர் போடாதீங்க, தனித்தனிப் படமாப் போடுங்க. கரண்ட் போய் வந்தா விட்ட எடத்துலருந்து ஓட்டலாம், வீடியோவாப் போட்டீங்கன்னா மொத்தமும் போச்சு.

கடைசியில குடுத்தது ஒரு கலவ. நடையையும் சேலையையும் பிளெண்டர்ல ஓட்டி, அது மேலயே கிரீஸ் பென்சில்ல (பிளெண்டருக்குள்ளயே கையால வரையிற வசதி) முகம், கை, காலு, சேலையோட வெளிக்கோடு எல்லாம் ரெண்டு ரெண்டு ப்ரேமுக்குக் கையால வரஞ்சு, சேல உள்பக்கப் புள்ளிய மட்டும் த்ரீடியிலருந்தே விட்டேன். கோடு கொஞ்சம் நடுங்குது, புள்ளி நிக்குது. மெரூன் பச்சையாச்சு, பச்ச மறுபடி மெரூனாச்சு, எனக்கு ஒண்ணும் வலிக்கல. எட்டு நாள் ஆச்சு. வெறும் கட்-அவுட்டா இருந்தா மூணு நாள்ல முடிச்சு அடுத்த வேலையப் பாத்துருக்கலாம், காசுக் கணக்குல அதான் லாபம், அதையும் மறைக்காமச் சொல்லிர்றேன்.

கம்பிப் பொம்ம இன்னும் மாடி ரூம்ல அட்டப் பெட்டிக்குள்ள நிக்குது, கழுத்துக்குப் புதுக் களிமண்ணு வச்சாச்சு. அவள வச்சு சொந்தமா மூணு நிமிசப் படம், 2160 போட்டோ. வெள்ளனே அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சூடு ஏறுறதுக்குள்ள எடுக்குறேன், இதுவரைக்கும் 140 ஆயிருக்கு. காப்பிய அம்மா கீழப் படியிலயே வச்சுட்டு கூப்புடுறாங்க.