தையற்கடையும் குடித்தனமும் ஒரே கூரையில்: 2017 முதல் குடியிருந்த அனுபவம்

வேலையும் குடித்தனமும் ஒன்றாக நடக்கிற வீட்டைக் கட்ட நினைப்பவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வரும்போது, "சுவரை நகர்த்த முடியுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாசல் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை வருடம் இருந்து பார்த்ததில், வீட்டைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது வாசல்தான்.

திருநெல்வேலி மாவட்டத்து வீரவநல்லூரில் நாலு செண்ட் மனை. 2017 தையில் பால் காய்ச்சினோம். தெருவைப் பார்த்த தார்சா, அதாவது முன்கூடம், என் தையற்கூடம். அதை ஒட்டி ஒரு சின்னக் குளியலறை. பின்னால் பட்டாசல் என்கிற நடுக்கூடம், அடுக்களை, ஒரு படுக்கையறை. மேலே ஓர் அறை, மீதி தட்டட்டி, அதாவது மொட்டைமாடி. தெருவிலிருந்து தார்சாவுக்கு ஒரு வாசல். பக்கவாட்டு நடை வழியாக வீட்டுக்கு இன்னொன்று. மாடிப்படியும் அந்த நடையிலேயே ஏறுகிறது.

"இது புது மாதிரி வீடு" என்று பொறியாளர் சொன்னபோது அத்தை சிரித்துவிட்டார். அவர் பிறந்த வீட்டில், குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் குழித்தறி இருந்தது. தறிக்குப் பக்கத்திலேயே சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம். இந்த ஊர்ச் செடிபுட்டாச் சேலையும், பத்தமடைப் பாயும், கல்லிடைக்குறிச்சி அப்பளமும் தொழிற்சாலையில் பிறந்தவை அல்லவே.

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர் எங்கள் அடுக்களையைக் கடந்து போக வேண்டியதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் துணிக்குவியலைத் தாண்டி வர வேண்டியதில்லை. கடைக்கதவைச் சாத்தினால் கடை முடிந்தது. இதன் அருமை 2022-இல்தான் முழுதாகத் தெரிந்தது. மாமாவுக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனபோது, தார்சா அவருடைய அறையாயிற்று. ஒட்டினாற்போல் குளியலறை, கட்டிலில் உட்கார்ந்தபடியே தெருவைப் பார்க்கலாம், போகிறவர் வருகிறவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். தையல் மாடிக்கு ஏறியது, வாடிக்கையாளர்கள் நடைப்படி வழியாக வருகிறார்கள். ஒரு செங்கல்லைக்கூட எடுக்கவில்லை. இஸ்திரிப்பெட்டிக்குத் தேவையான கனத்த மின்கம்பியை மாடிக்கும் முதலிலேயே இழுத்திருந்ததும், குளியலறைக் கதவை வாக்கர் நுழையும் அகலத்துக்கு வைத்திருந்ததும் போதுமானதாக இருந்தன.

தார்சாவுக்கும் பட்டாசலுக்கும் நடுவே போட்ட மடக்குக் கதவு வேறு கதை. திறந்தால் ஒரே கூடம், மூடினால் இரண்டு அறை. படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் தண்டவாளத்தில் நூலும் பஞ்சும் அடைத்துக்கொண்டு சக்கரம் உருளாது. மூடினாலும் மெஷின் சத்தம் அப்படியே வரும். ஒரு வளைகாப்புக்கு முழுதாகத் திறந்தோம். இப்போது அதை மறைத்து பீரோ நிற்கிறது.

சுவர்கள் எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவதால் ஒன்பது அங்குலச் சுவருக்குள் வெற்றுக் கூடு விழும். சுமார் கால்பங்கு செங்கல் மிச்சம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய முறை. செங்கலில் மிஞ்சியதில் ஒரு பகுதியைக் கூலி விழுங்கிவிட்டது, ஏனென்றால் பழகாத கொத்தனாருக்கு வேலை மெதுவாகத்தான் நகரும். "ஊரில் என்னைக் கேலி செய்வார்கள் அம்மா" என்று எங்கள் கொத்தனார் முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். வெயிலுக்கு மட்டும் இந்தச் சுவர் சொன்ன சொல் தவறவில்லை. 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசி நாட்களில்கூட மேற்குச் சுவரின் உள்பக்கம் கை வைத்தால் சூடு தெரியாது. குறை என்னவென்றால், ஆணி அடிக்கும்போது கூட்டுக்குள் துளை விழுந்தால் பிடிமானம் கிடையாது. நூல்கண்டு அலமாரி ஒருமுறை சுவரைவிட்டு வந்துவிட்டது. எந்தச் சுவரில் பாரம் வரும் என்று யோசித்து, அங்கே மட்டும் கெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள்.

கூரை ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான் என்பதால், கம்பிகளின் இடைவெளியில் கான்கிரீட்டுக்குப் பதில் மங்களூர் ஓட்டை வைப்பார்கள். சிமெண்ட் குறையும், பார்க்கவும் நன்றாயிருக்கும். மின்விசிறிக் கொக்கியை மட்டும் கான்கிரீட் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எங்களுக்கு அறைக்கு இரண்டு கொக்கி உண்டு. மாமாவின் கட்டிலை எங்கே போட்டாலும் காற்று வருகிறது.

மாடியறையின் மேற்கே செங்கலைச் சல்லடைபோல் இடைவெளி விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர். இதுவும் பேக்கர் பாணி. பச்சையும் ஈரமுமான கேரளத்துக்கு அது பொருந்தும். இங்கே ஆனி, ஆடியில் மேற்கு மலைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று வயல் புழுதியையும் கூடவே அள்ளிக்கொண்டு வருகிறது. முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டி வைத்தால் மறுநாள் தோளில் மண் படிந்திருக்கும். உள்பக்கம் கண்ணாடிச் சன்னல் போட்ட பிறகே நிம்மதி. மேற்கில் ஜாலி வைப்பதென்றால் மூடுவதற்கும் வழி செய்துகொள்ளுங்கள்.

வடக்குச் சன்னலுக்கு முழு மதிப்பெண். அரக்குச் சேலைக்கு நூல் தேடும்போது, ட்யூப்லைட்டின் கீழ் ஒன்றுபோலத் தெரியும் மூன்று கண்டுகளை அந்த வெளிச்சத்தில் பிடித்தால், ஒன்று பழுப்பு, ஒன்று ஊதா, ஒன்றுதான் அரக்கு. ரெட் ஆக்சைடு தரைக்கும் அப்படியே. புள்ளிபோட்ட மொசைக்கில் விழுந்த குண்டூசியைத் தேடித் தேடிக் கண் பூத்துவிடும். இந்தச் சிவப்பில் பளிச்சென்று மின்னும். மூலைகளில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது. எனக்கு அது உறுத்தவில்லை.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை எங்கள் தெருவையும் வாய்க்காலாக்கியது. அஸ்திவாரத்தை மூன்றடி உயர்த்தியிருந்ததால் தண்ணீர் மேல்படியோடு நின்றது. அதன்பிறகு வெளிச்சுவரின் அடிவரிசைச் செங்கல்லில் உப்புப் பூக்கிறது. துடைத்தால் போகிறது, அடுத்த மழைக்குத் திரும்ப வருகிறது.

மின்சாரத்துக்குக் கடைக்குத் தனி மீட்டர் வாங்கினோம். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட் கடைக்கு இல்லை. ஆனாலும் தொழிலுக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கு சுத்தமாக நிற்கிறது.

தீராமல் இருப்பது சத்தம் ஒன்றுதான். மாடியில் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓடினால் தளம் வழியாக மாமாவின் தலைக்கு மேல் அதிர்கிறது. மெஷின் காலுக்கு ரப்பர் வைத்துப் பாதி குறைத்தோம். தீபாவளி நெருங்கிவிட்டால் அவரே மதியத் தூக்கத்துக்குத் தலையணையை எடுத்துக்கொண்டு பட்டாசலுக்குப் போய்விடுகிறார்.